செவ்வந்திச் சாகுபடியும் இரவின் அளவும்

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம் முதலிய வட்டங்களில், கிணற்றுப் பாசனமுள்ள செம்மண் நிலங்களுக்கு ஏற்ற பூஞ்செடிகளுள் செவ்வந்தி சிறந்ததொன்றாகும். இதனைச் சாமந்தி என்றும் வழங்குவர். துலுக்கச் சாமந்தி என்பது வேறு செடி. அதற்குரிய முறைகள் இதற்குப் பொருந்தா. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை ஆகிய நான்கு மாதத்துப் பௌர்ணமிகளிலும் கிரிவலம் வரும் ஜனத்திரளுக்கு மாலையும் உதிரிப் பூவும் வேண்டியிருக்கின்றன. அவற்றுள் தலையாயது கார்த்திகைத் தீபம். அன்றைய தினத்தில் கையில் பூவுள்ள குடியானவர் வருஷத்துச் செலவில் பெரும்பங்கை ஈடு செய்துகொள்ளக்கூடும்; பூவில்லாதவர் வெளியூர் லாரிகள் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்பயிரைப் பற்றிக் குடியானவர்கள் அடிக்கடி கூறும் குறைகள் மூன்று. தீபத்திற்கென்று நட்ட பூ தீபம் கழிந்து பூத்தது என்பது ஒன்று. செடி ஒரு சாண் உயரங்கூட வளராமல் மொட்டு வைத்துவிட்டது என்பது மற்றொன்று. வயலெல்லாம் பூத்திருக்க, சாலையோரத்து மூலை மட்டும் தழைத்துப் பச்சையாகவே நின்றது என்பது மூன்றாவது. முதற்குறைக்கு நாற்றையும், இரண்டாவதற்கு எருவையும், மூன்றாவதற்குக் கண்ணேற்றையும் காரணம் சொல்வது வழக்கமாயிருக்கிறது. உண்மையில் இம்மூன்றுக்கும் மூலகாரணம் ஒன்றே. செவ்வந்தியானது தன் வயதைக் கொண்டு பூப்பதன்று. இரவின் நீளத்தைக் கொண்டு பூப்பது.

தீபத் திருநாள் கார்த்திகை நட்சத்திரத்தையும் பௌர்ணமியையும் ஒட்டி வருவது. அதாவது சந்திரனைப் பின்பற்றுவது. 2021இல் அது நவம்பர் 19ஆம் தேதியில் வந்தது. 2022இல் டிசம்பர் 6. 2023இல் நவம்பர் 26. 2024இல் டிசம்பர் 13. 2025இல் டிசம்பர் 3. ஐந்து வருஷங்களுக்குள் மிக முந்திய நாளுக்கும் மிகப் பிந்திய நாளுக்கும் இடையே 24 நாள் வித்தியாசம் இருப்பது காண்க. செடியோ சந்திரனை அறியாது. அது சூரியனை மட்டுமே அறியும். நமது தமிழ் மாதக் கணக்கும் சூரியனைக் கொண்டதாகையால், ‘ஆடியில் நட்டேன், ஐப்பசியில் மொட்டுக் கண்டேன்’ என்று குடியானவர் சொல்லும் கணக்கு வருஷந்தோறும் ஏறக்குறைய ஒத்து வருகிறது. தீபத்தின் தேதிதான் அக்கணக்கிற்கு முன்னும் பின்னுமாக நகர்கிறது. சென்ற வருஷம் நட்ட அதே நாளில் இவ்வருஷமும் நட்டுவிட்டுத் தீபத்திற்குப் பூ எதிர்பார்ப்பவர் ஏமாறுவது இதனாலேயே.

செடி இரவை அறியும் விதம்

நாளின் அளவுக்கேற்பச் செடிகள் பூக்கின்றன என்பதை முதன்முதலில் தெளிவுறக் காட்டியவர்கள் அமெரிக்க நாட்டு விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இருவர். அவர்களுடைய ஆராய்ச்சி 1920இல் வெளியாயிற்று. கோடையில் எத்தனை உயரம் வளர்ந்தாலும் பூக்காத ஒருவகைப் புகையிலையை அவர்கள் பகலில் சில மணி நேரம் இருட்டறையில் வைத்து எடுத்தனர். அது கோடையிலேயே பூத்தது. பிறகு 1938இல் ஹாம்னர், பானர் என்போர் செய்த சோதனைகளால், செடி அளப்பது பகலின் நீளத்தையன்று, இடையறாத இருளின் நீளத்தையே என்பது புலப்பட்டது. நெடிய இரவின் நடுவே சிறிது நேரம் விளக்குக் காட்டினால், செடி அவ்விரவை இரண்டு குறுகிய இரவுகளாகக் கொண்டு பூவாமல் நின்றுவிடுகிறது.

இருளை அளக்கும் உறுப்பு எது என்பதைக் கண்டறிவதற்கு உதவிய செடி நமது செவ்வந்தியேயாகும். ருஷிய தேசத்துச் சைலக்கியான் என்பவர் 1930களில் செவ்வந்திச் செடியின் மேற்பாகத்து இலைகளைக் களைந்துவிட்டு, கீழிலைகளுக்கு மட்டும் நீண்ட இருளைக் கொடுத்தார். வெளிச்சத்தில் இருந்த மொட்டை நுனி அப்படியிருந்தும் பூத்தது. இருளை உணர்வது இலை. அங்கிருந்து ஏதோ ஒரு பொருள் நுனிக்குச் சென்று மொட்டை உண்டாக்குகிறது. இது குடியானவருக்கு வேண்டாத சாஸ்திரம் என்று தள்ளத்தக்கதன்று. ஆவணி, புரட்டாசி மாதங்களில் இலைப்புள்ளி நோயால் கீழிலைகள் கருகி உதிருமானால், இரவை அளக்கும் கருவியையே செடி இழந்துவிடுகிறது. மொட்டு வருவதற்கு முந்திய வாரங்களில் இலையைக் காப்பாற்றுவது பூவைக் காப்பாற்றுவதேயாகும்.

லண்டன் நகரில் ஜூன் மாதத்துப் பகல் பதினாறரை மணிக்கு மேற்பட்டது; டிசம்பரிலோ எட்டு மணிக்கும் குறைவு. திருவண்ணாமலையில் ஜூன் 21ஆம் தேதியன்று பகல் சுமார் 12 மணி 50 நிமிடம். டிசம்பர் 21இல் சுமார் 11 மணி 25 நிமிடம். வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணிதான். மனிதர் கவனியாமல் விட்டுவிடும் இச்சிறு வேற்றுமையைச் செவ்வந்தியின் இலை தவறாமல் கணக்கிடுகிறது. ஆவணிக்குப் பின் இரவு நீள நீள, நமது நாட்டு இரகங்கள் தழைப்பதை நிறுத்தி மொட்டுக்குத் திரும்புகின்றன. பருவம் பாராமல் பூக்கும் இரகங்களும் வந்துள்ளன. அவற்றை வாங்குவோர் விற்பவரிடம் அதனைக் கேட்டறிந்தே வாங்க வேண்டும். இக்கட்டுரையில் கூறப்படும் காலக்கணக்கு அவற்றுக்குச் செல்லாது.

உதகமண்டலத்தில் காணும் பூக்களை இங்கே வளர்க்கலாகாதா என்று வினவுவோர் பலர். உதகை அரசினர் தாவரத் தோட்டம் 1848இல் மக்கைவர் என்பவருடைய மேற்பார்வையில் உருவாகத் தொடங்கியது. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே செழிக்கும் குளிர்நாட்டுச் செடிகளுள் பல, குளிர்ந்த இரவுகளின்றி மொட்டு வைப்பதில்லை. இமயத்தின் உயர்ந்த சரிவுகளில் வளரும் பிரிமுலா போன்ற செடிகளோ பனிக்கடியில் மாதக்கணக்காக உறங்கிக் கிடந்து எழுபவை. அத்தகைய உறக்கத்தை நமது சமவெளி அளிக்கமாட்டாது. ஜவ்வாது மலையும் அளிக்கமாட்டாது. விதைப் பொட்டலத்தின் மேலுள்ள படத்தை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். செவ்வந்தியும் குளிர்நாட்டிலிருந்து வந்ததே. சீன தேசத்தார் அதனை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் போற்றி வளர்த்து வருகின்றனர். எனினும் அது பூப்பதற்கு முதன்மையாக நாடுவது பனியையன்று, நீண்ட இரவை. அதனை நமது கார்காலம் கொடுக்கிறது. உஷ்ணமும் ஒருவாறு கணக்கில் வருவதுண்டு. புரட்டாசியில் மழை பொய்த்து இரவிலும் புழுக்கம் நீடித்தால், தோன்றிய மொட்டு வளராமல் தாமதிக்கும். சில வருஷங்களில் பூ பத்து நாள் பிந்துவதற்கு இதுவே காரணம்.

நடவு

மேற்சொன்னவற்றிலிருந்து விளங்குவது: முன்னதாக நட்டவருக்குப் பூ அவ்வளவாக முந்தி வராது; பெரிய செடியாகக் கிளைத்து மிகுதியாக வரும். பிந்தி நட்டவருக்குப் பூ அவ்வளவாகப் பிந்தாது. சிறு செடியில் சொற்பமாக வரும். சித்திரை, வைகாசியில் நடுவது உத்தமம். கிணற்றில் நீரில்லாதவர் ஆனியிலும், ஆடி முற்பகுதியிலும் நடலாம். ஆவணியில் நட்ட செடி வேரூன்றிக் கிளைக்குமுன் இரவு நீண்டுவிடுகிறது. சாண் உயரத்தில் மொட்டு வைத்ததென்று வருந்துவோர் பெரும்பாலும் இவ்வாறு பிந்தி நட்டவர்களே. எருவை மேலும் இட்டு அதனைச் சரிசெய்ய முயல்வது வீண் செலவு.

நடுவதற்கு, பூத்து ஓய்ந்த தாய்ச்செடிகளின் அடியில் கிளம்பும் பக்கக் கன்றுகளையோ, அவற்றின் நுனித் துண்டுகளையோ கொள்ளலாம். நுனித்துண்டே மேலானது, வேர் நோய் அதனோடு வருவதில்லை. 5 முதல் 7 சென்டிமீட்டர் நீளத்தில் கிள்ளி, அடியிலைகளை நீக்கி, நிழலில் ஈர மணலில் ஊன்றினால் மூன்று வாரங்களில் வேர்விடும். நிலத்தை நன்றாக உழுது, ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழு எரு இட்டு, பார் அமைத்து, பாரின் ஓரத்தில் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். ஏக்கருக்கு ஏறக்குறைய 45,000 கன்றுகள் பிடிக்கும். கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்யும் உரம், ஏக்கருக்குத் தழைச்சத்து 50 கிலோ, மணிச்சத்து 48 கிலோ, சாம்பல்சத்து 10 கிலோ ஆகும். தழைச்சத்தில் பாதியையும் மற்றவை முழுவதையும் அடியுரமாகவும், எஞ்சிய பாதியை நட்ட 30ஆம் நாளிலும் இடுக. இரகங்களில் கோ.1, மதுரை.1 இரண்டும் மஞ்சள், கோ.2 ஊதா. திருவண்ணாமலைக் கடைத்தெருவில் மஞ்சளுக்கே மதிப்பு.

நட்ட நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். இதனைச் செய்யத் தயங்குவோர் பலர். வளர்கிற செடியின் தலையைக் கிள்ளுவது மனத்துக்கு ஒவ்வாத காரியந்தான். கிள்ளாத செடியில் ஒரு தண்டும், கிள்ளிய செடியில் பல தண்டும் பூக்கும். ஆனால் ஆவணி பாதிக்குப் பின் கிள்ளுதல் கூடாது. அப்போது கிள்ளப்படும் நுனி மொட்டாக மாறவிருக்கும் நுனியாயிருக்கலாம்.

தெருவிளக்கு

சாலையோரத்து மூலை பூவாமல் நிற்பதைப் பற்றி இனிக் கூறுவோம். இது கிராம அதிகாரிகளும் அறியவேண்டிய செய்தி. கிராமங்களில் தெருவிளக்குகள் பெருகி, ஒளியும் முன்னைவிட மிகுந்துவிட்டது. விளக்குக் கம்பம் வயலின் வரப்பையொட்டி நின்று இரவு முழுதும் எரியுமானால், அதன் ஒளி விழும் வட்டத்திலுள்ள செவ்வந்திக்கு இரவே இல்லை. அச்செடிகள் கரும்பச்சையாய், உயரமாய், பார்க்க மிக அழகாய் நிற்கும். பூ மட்டும் இராது. வயலில் இறங்கி நின்று பார்த்தால், பூவாத பாகம் கம்பத்தை நடுவாகக் கொண்டு அரைவட்டமாக இருப்பதைக் கண்கூடாகக் காணலாம். கண்ணேறு அரைவட்டமாக விழுவதில்லை.

இதற்கு வேண்டிய ஒளி மிகச் சொற்பம். நிலவொளியோ அதற்கும் எத்தனையோ மடங்கு குறைந்தது; பௌர்ணமி நிலவு செவ்வந்திக்கு யாதொரு தீங்கும் செய்யாது. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறப்பொருளே ஒளியை உணர்வது. சிவந்த ஒளி அதனை மிகுதியாகத் தாக்கும். மஞ்சள் விளக்காயினும் வெள்ளை விளக்காயினும் அதில் சிவந்த பாகம் கலந்தே இருக்கிறது. ஆகையால் விளக்கின் நிறத்தை மாற்றுவதால் பயனில்லை.

பரிகாரம் எளிது. கம்பத்திலுள்ள விளக்கைச் சாலைப் பக்கமாகச் சாய்த்தும், வயற்புறத்தில் ஒரு தகட்டை மறைப்பாக வைத்தும் கட்டினால் சாலைக்கும் ஒளி குறையாது, பயிருக்கும் இருள் கிடைக்கும். இது ஊராட்சியின் பணியாள் ஒருவர் அரைமணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை. ஆவணிக் கடைசியிலிருந்து மொட்டில் நிறம் தெரியும் வரைக்குமே இம்மறைப்பு அவசியம். நிறம் கண்ட மொட்டை எவ்வளவு விளக்கும் தடுக்காது. எனவே தீப காலத்து அலங்கார விளக்குகளைப் பற்றிக் கவலை வேண்டாம். விளக்கை அணைத்துவிடும்படி கேட்பது நியாயமன்று; இரவில் அவ்வழியே நடந்துவரும் பெண்டிரும் பிள்ளைகளும் உள்ளனர். குடியானவர் ஆனி மாதத்திலேயே ஊராட்சிக்கு எழுத்து மூலம் மனுக்கொடுத்து, கம்பத்தின் எண்ணையும் குறிப்பிடுவது நலம். பூவாமல் நின்ற பிறகு கார்த்திகையில் வந்து முறையிடுவதால் ஆவதொன்றுமில்லை. மறைக்க இயலாத இடங்களில் விளக்கொளி விழும் பாகத்தைக் கத்தரிக்கு விட்டுவிடலாம். அதற்கு இரவு நீண்டாலும் குறுகினாலும் ஒன்றுதான்.

விளக்கைக் கொண்டு தேதியை நகர்த்துதல்

பகையாகிய விளக்கையே துணையாகக் கொள்வோரும் உளர். ஓசூர்ப் பகுதியிலும் அண்டையிலுள்ள மைசூர் நாட்டுப் பூந்தோட்டங்களிலும் இரவில் வரிசையாக விளக்கெரிவதைப் பிரயாணிகள் கண்டிருப்பர். தீபம் மாதக் கடைசியில் வரும் வருஷங்களில் இம்முறை திருவண்ணாமலைப் பக்கத்திற்கும் உதவும். ஆவணி நடுவிலிருந்து நள்ளிரவை ஒட்டி நாலு மணி நேரம், அதாவது இரவு 10 மணி முதல் 2 மணி வரை விளக்கெரித்தால் செடி மொட்டு வைக்காமல் தழைத்துக்கொண்டிருக்கும். விளக்கை நிறுத்திய நாளிலிருந்து பூப்பறிக்க, இரகத்துக்கேற்ப ஏறக்குறைய 8 முதல் 12 வாரங்கள் செல்லும். உதாரணமாக, 10 வாரத்தில் பூக்கும் இரகமானால், டிசம்பர் 13இல் வந்த 2024ஆம் வருஷத்துத் தீபத்திற்கு அக்டோபர் 4ஐ ஒட்டி விளக்கை நிறுத்தியிருக்க வேண்டும். நவம்பர் 19இல் வந்த 2021ஆம் வருஷத்துத் தீபத்திற்கு அதே கணக்கில் செப்டம்பர் 10ஐ ஒட்டி நிறுத்த வேண்டியிருந்திருக்கும். அத்தகைய வருஷத்தில் விளக்குச் செலவு வேண்டுவதில்லை; முந்திப் பூக்கும் இரகமே வேண்டும்.

தம் நிலத்தில் தம் இரகம் எத்தனை வாரம் கொள்கிறது என்பதை அவரவரே ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவர வேண்டும். மொட்டுக் கண்ட தேதி, முதற்பறிப்புத் தேதி ஆகியவற்றை இரண்டு வருஷம் எழுதி வைத்தவருக்கு வேறு ஆலோசகர் தேவையில்லை. முதல் வருஷத்தில் பத்து சென்டு நிலத்திற்கு மேல் விளக்குமுறையைச் சோதிக்க வேண்டாம். பம்புசெட்டுக்கென்று கொடுக்கப்பட்ட இணைப்பிலிருந்து வயலுக்குள் கம்பி இழுத்தல் கூடாது. ஈரநிலத்தில் அது உயிரைக் கொள்ளும். மின்வாரியத்தில் முறைப்படி தனி இணைப்புப் பெற்றே விளக்கிட வேண்டும்.

நிலம் முழுவதையும் தீபத்தின் ஒருநாள் விலைக்காக நிறுத்துவது அறிவுடைமையன்று. அன்று எல்லோருடைய பூவும் ஒரே கடைத்தெருவுக்கு வருகிறது. நிலத்தை மூன்று பாகமாக்கி, ஒன்றைத் தீபத்திற்கும், மற்றவற்றை முன்பின் பௌர்ணமிகளுக்கும் பொங்கலுக்கும் பூக்குமாறு இரகத்தையும் நடவையும் மாற்றி வைப்போர் அதிக நஷ்டமடைவதில்லை.

மழை

செவ்வந்தி பூக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்றாயிருப்பதே இவ்வட்டாரத்தில் இப்பயிருக்குள்ள பெரிய இடையூறு. இதன் வேர் ஒருநாள் நீர் தேங்கினாலும் அழுகத் தொடங்கும். பாத்தி கட்டி நடுவோர் வைகாசியில் சிக்கனம் கண்டு, கார்த்திகையில் செடியை இழக்கின்றனர். பார் உயர்ந்திருக்க வேண்டும்; வயலின் தாழ்ந்த பக்கத்தில் ஓர் அடி ஆழத்தில் வடிகால் வெட்டி, புரட்டாசிக்குள் தூர் எடுத்துவிட வேண்டும். அண்டை நிலத்தார் வடிகாலை மறித்திருந்தால் அவ்வழக்கை மழைக்கு முன்பே கிராம அதிகாரி முன்னிலையில் தீர்த்துக்கொள்ள வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரைகடந்தபோது பெய்ததைப் போன்ற மழைக்கு எந்த வடிகாலும் போதாது. டிசம்பர் 1ஆம் தேதி அண்ணாமலையின் சரிவிலேயே மண் சரிந்து வீட்டின்மேல் விழ, 7 பேர் உயிரிழந்தனர். அத்தகைய பேரிடரை வேளாண்மை முறையால் தடுத்துவிடலாம் என்று கூறுவது பொய்யாகும். ஆயினும் சாதாரண ஐப்பசி மழைக்கு உயர்ந்த பாரும் திறந்த வடிகாலும் போதுமானவை.

இலைப்புள்ளி கீழிலையில் கறுப்பாகத் தொடங்கி மேலேறும். மழைச்சாரல் மண்ணை இலைமேல் தெறிக்கும்போதே அது பரவுகிறது. பாரின்மேல் வைக்கோல் பரப்பினால் பாதி நோய் நிற்கும். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி, வயலுக்கு வெளியே எரித்துவிடுக. வாடல் நோய் கண்ட நிலத்தில் இரண்டு மூன்று வருஷம் செவ்வந்தியை மீண்டும் நடலாகாது.

பறிப்பும் மறுதாம்பும்

நன்றாக விரிந்த பூவைக் காலையில் பனி உலர்ந்தபின் பறிக்க வேண்டும். ஈரப்பூவைக் கூடையில் அமுக்கினால் சூடேறிக் கறுத்துவிடும். எடை கூடுமென்று நனைத்துக் கொடுப்போர் வியாபாரியின் நம்பிக்கையை ஒரே வருஷத்தில் இழப்பர். நன்கு பராமரித்த நிலத்தில் முதற்பயிரில் ஏக்கருக்கு 8 டன் வரையிலும், மறுதாம்பில் அதில் பாதியும் எதிர்பார்க்கலாம்.

பூப்பறிப்பு நடக்கும்போதே, மிகுதியாகப் பூத்ததும் நோயற்றதுமான செடிகளுக்கு ஒரு வண்ணக் கயிற்றைக் கட்டி அடையாளமிடுக. பறிப்பு ஓய்ந்தபின் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். தையின் முடிவில் செடிகளைத் தரையையொட்டி அறுத்து, எருவிட்டு நீர்பாய்ச்சினால் அடியிலிருந்து கன்றுகள் எழும். கயிறு கட்டிய செடிகளின் கன்றுகளை மட்டும் சித்திரை நடவுக்கு வைத்துக்கொள்க. தெருவிளக்கின் கீழ் தழைத்து நின்ற செடிகள் கன்றுக்கு மிகவும் வாகாகத் தோன்றும். பூத்துக் காட்டாத செடி நோயற்றதா, இரகத்தில் கலப்பற்றதா என்பது தெரியாதாகையால் அவற்றிலிருந்து கன்றெடுத்தல் வேண்டாம்.